மேல் தாழ்ப்பாள்

என் வீட்டுக்கு வெட்கம் கிடையாது. விட்டுவிட்டுப் போனவனுக்காக ஒரு வருடமாக வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. காத்திருப்பது வீடுதான், நானில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவராவது நம்ப வேண்டுமே.

நான் ஜீவிதா. கோயமுத்தூர் வடவள்ளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கார் எல்லாம் தானாக ஓடுகிற காலத்தில் இதென்ன பிழைப்பு என்று கேட்பார்கள். மலைப்பாதையில் தானாக ஓடும் வண்டிக்கு அனுமதி கிடையாது. ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போகிறவர்கள் கையால்தான் ஓட்டியாக வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஆகவே இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். நான் "கண்ணாடியப் பாரு" என்று கத்தினால், ரோட்டில் சும்மா நடந்து போகிறவர்களும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் திட்டில் சம்பாதித்துக் கட்டிய வீடு இது. பக்கத்திலேயே வண்டி பழகும் மைதானம். இப்போதைய வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, சுவருக்குள்ளேயே கண்ணும் காதும் மூளையும் வைத்துத்தான் கட்டுகிறார்கள். நாம் சொல்லாமலே நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். குடிவந்த புதிதில் செய்தி வாசிப்பதுபோல "வெந்நீர் ஆயத்தமாக உள்ளது" என்றது. மூன்று வருடத்தில் "தண்ணி காஞ்சிருச்சுங்க, குளிக்கறீங்களா" என்று கேட்கிற அளவுக்கு எங்கள் ஊர்க்காரியாகிவிட்டது.

எங்கள் என்றால் எனக்கும் மிதுனுக்கும். கல்யாணத்துக்குப் பதிலாகத் துணைப்பதிவு செய்துகொண்டு ஆறு வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். அவன் பம்புசெட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். கோபமே வராத மனிதன். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தால் "அட விடு ஜீவி" என்பான். வாயைத் திறந்து எதையும் நேராகச் சொல்லமாட்டான், எதையும் நேராகக் கேட்கவும் மாட்டான். அவன் என்னைவிட்டுப் போகப்போகிறான் என்பதே எனக்கு வீடு சொல்லித்தான் தெரியும்.

நான் அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "மார்ச்சுல இருந்து பாதித் தண்ணி காய வெச்சாப் போதும்னு சார் சொல்லியிருக்காருங்க" என்றது வீடு. "உங்க ஒருத்தருக்கு அது போதுங்களா?"

துருவல் தட்டில் ரத்தம் கண்டபிறகுதான் விரலை அறுத்துக்கொண்டது தெரிந்தது. சரவணம்பட்டியில் வேறு கம்பெனி, அங்கேயே ஒரு ஃபிளாட், "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன் ஜீவி" என்றான் அன்று மாலை. என்னிடம் சொல்வதற்கு முன்னால் சுவரிடம் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் இந்தக் கதைக்கு இடம் போதாது.

போகிற அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று "போயிட்டு வர்றேன்" என்றான். நம் ஊரில் யார்தான் "போறேன்" என்று சொல்கிறார்கள். கடைக்குப் போகிறவனும் சீமைக்குப் போகிறவனும் போய்விட்டு வருவதாகத்தான் சொல்லவேண்டும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவார்கள். பழக்கதோசத்தில் அவன் சொன்னான். பழக்கதோசத்தில் நானும், "சரி, பாத்துப் போயிட்டு வா" என்றேன்.

அன்று படுக்கப் போகும்போது கவனித்தேன். வீட்டுக் கதவில் கீழ்ப் பூட்டு விழுந்திருந்தது. ஆள் எல்லாரும் உள்ளே வந்தபின் வீடே போடுகிற மேல் தாழ்ப்பாள் விழவில்லை.

"மேல் தாழ்ப்பாள் ஏன் போடல?" என்றேன்.

"சார் போயிட்டு வர்றேன்னு சொல்லீட்டுப் போயிருக்காருங்க" என்றது. "இன்னும் வரலீங்க."

அன்றிலிருந்து ஆரம்பித்தது அக்கப்போர். பொழுது சாய்ந்தால் கேட் விளக்கு எரியும், விடியும்வரை அணையாது. காலையில் காப்பி மெஷின் இரண்டு கப் ஊற்றும். அவனுக்குச் சைனஸ் என்று ஹாலில் ஃபேன் மெதுவாகவே சுற்றும், நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பேன். விளக்கை அணை என்றால் அணைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போடும். என் கெட்ட நேரம், திருப்பூரிலிருந்து ஒரு பல் டாக்டர் என்னைப் பார்த்துப் பேச வந்தார். நல்ல மனிதர். சோபாவில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். அதற்குள் வீடு, "சார் வெளிய போயிருக்காருங்க, வந்துருவாருங்க. அதுவரைக்கும் காப்பி குடிக்கறீங்களா?" என்றது. அவர் காப்பி குடிக்கவில்லை.

வருடம் முடிகிற சமயத்தில்தான் நோட்டீஸ் வந்தது. குடியிருப்பு விசாரணை மன்றத்திலிருந்து. மிதுன் தன்னை என் வீட்டில் குடியிருப்பவனாக அறிவிக்கவேண்டுமென்று மனுப் போட்டிருக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் ஃபௌசியா. உக்கடத்துப் பெண், என்னிடம் வண்டி பழகுபவள், மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்றவள். சட்டத்தில் புலி, ரிவர்ஸில் எலி. மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே நோட்டீஸைப் பற்றிச் சொன்னாள்.

"இந்தச் சட்டம் நல்லதுக்குப் போட்டதுதான்க்கா. முன்னாடியெல்லாம் பொண்டாட்டிய அடிச்சு வெளிய தள்ளிட்டு, அவ போயி ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லிருவானுங்க. சாட்சிக்கு ஆளிருக்காது. அதனால வீட்டையே சாட்சியாக்கிட்டாங்க. வீடு யாருக்காக வெளக்குப் போடுது, யாருக்காகத் தண்ணி காய வெக்குதுன்னு பாத்தா, அங்க யாரு குடியிருக்காங்கன்னு தெரிஞ்சுருமில்ல. பேர எழுதி வெச்சா அழிச்சுரலாம். பழக்கத்த அழிக்க முடியாது. அழிச்சா அதுவே குத்தம்."

"அவன் போயி ஒரு வருசமாச்சே."

"அதான் விசயமே. ஒரு வருசம் கழிச்சும் வீடு அவரக் கணக்குல வெச்சிருந்தா, பிரிவே நடக்கலைன்னு அர்த்தம். சாவி குடுக்கணும். நெனைச்சப்ப வருவாரு, போவாரு. அவரு கையெழுத்தில்லாம நீங்க வீட்ட விக்க முடியாது, வேற ஆளோட பதிவு பண்ணவும் முடியாது."

"இது நான் கட்டின வீடு, ஃபௌசியா. ஒரு செங்கல்லுகூட அவன் வாங்கல."

"செங்கல்லப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்கக்கா. வீடு என்ன சொல்லுதுன்னுதான் கேப்பாங்க."

"கண்ணாடியப் பாரு" என்று கத்தினேன். அதற்குள் வண்டி காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுவிட்டது.

வீடு அவனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், விசாரணைக்கு முன்னால். அவன் சொன்ன அந்த "போயிட்டு வர்றேன்"தான் கோளாறு, அதைத் திருத்தினால் போதும் என்று நினைத்து, வீட்டுக் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். பிரிட்டோ என்று ஒருவர் வந்தார். சுவர்ப் பலகையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பலகையையே பார்த்துப் பேசினார்.

"மேடம், அவர் சொன்ன வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அத வீடு என்னைக்கோ மறந்துருச்சு. கேட்டா ஒரு காரணம் சொல்லணும்னு அதச் சொல்லுது, அவ்வளவுதான்."

"பின்ன எதுக்கு வெளக்குப் போடுது?"

"சுவருக்கு உங்க நாடித்துடிப்பு தெரியும், மூச்சு தெரியும். கேட் லைட்டு அணைஞ்சா உங்க மூச்சு தடுமாறுதுங்க. எரிஞ்சா சீராகுது. மேல் தாழ்ப்பாள் போடற நேரம் வந்தாலே நாடி எகிறுது. ரெண்டு கப் இருந்தா நீங்க ஒரு கப்பாச்சும் குடிக்கறீங்க, ஒண்ணே இருந்தா அதையும் குடிக்கறதில்ல." பலகையை மூடினார். "அது அவர நெனைச்சுக் காத்திருக்கலீங்க மேடம். அதுக்கு அவர யாருன்னே தெரியாது. அது உங்களப் பாத்துக்குது."

அவர் போனபின் நான் மைதானத்துக்குப் போய், பழகும் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுதேன். வீட்டுக்குள் அழுதால் அது கணக்கில் ஏறிவிடுமே. எனக்கு அவன் வேண்டும். அவன் சட்டையில் அடிக்கிற கிரீஸ் வாசம் வேண்டும். "அட விடு ஜீவி" என்று அந்த எரிச்சலூட்டும் குரல் வேண்டும். ஒரு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர் நம்பியதோ இல்லையோ, நான் நம்பியிருந்தேன்.

சரி, மறந்துவிடுவோம் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். சுவருக்கு மஞ்சள் அடித்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டு நடுவில் படுத்தேன். அவன் போர்வையை ஆசிரமத்துக்குக் கொடுத்தேன். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆடிக்கூடப் பார்த்தேன். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது கேட் விளக்கு பொறுமையாக எரிந்துகொண்டிருந்தது. ஊரை ஏமாற்றலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம், சுவரை ஏமாற்ற முடியவில்லை.

இதற்கிடையில் ஃபௌசியா பதில் மனுவைக் கொடுக்க மிதுனின் ஃபிளாட்டுக்குப் போய்வந்தாள். வந்தவள் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"அக்கா, நீங்க எல்லாரையும் இப்புடித்தான் திட்டுவீங்களா, இல்ல என்னை மட்டுமா?"

"வண்டி ஓட்டத் தெரியாத எல்லாரையும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." அதற்குமேல் வாயே திறக்கவில்லை. நான் கவலையில் இருந்ததால் துருவிக் கேட்கவில்லை.

விசாரணை நாளன்று மன்றத்தில் உட்கார இடமில்லை. எல்லாம் எங்களைப் போன்றவர்கள். ஒருபக்கம் விட்டுப்போனவர்கள், இன்னொரு பக்கம் விடப்பட்டவர்கள். எனக்குப் பக்கத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர், கையில் துண்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். "அவ போயி நாலு வருசமாச்சுங்க. இன்னும் எங்கூட்டுல அவளுக்குப் புடிச்ச சேனல்தான் ஓடுது" என்றார். அடுத்தது அவர் வழக்கு. அவர் எதிராளி, மூக்குத்தி போட்ட ஒரு பெண், எதிர் வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மிதுன் வந்தான். இளைத்திருந்தான். அவன் போட்டிருந்த சட்டை நான் எடுத்துக் கொடுத்தது. என் நெஞ்சு திக்கென்றது, நல்லவேளை மன்றத்துச் சுவருக்குள் மூளை கிடையாது.

விசாரணை அலுவலர் ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு அம்மா. சுற்றிவளைக்காமல் என் வீட்டைத் தொடர்பில் கூப்பிட்டார். "உங்கள் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்?"

"ரெண்டு பேருங்க" என்றது என் வீடு, மன்றம் முழுக்கக் கேட்கும்படி. "ஒருத்தர் வெளிய போயிருக்காருங்க. இன்னும் வரலீங்க."

பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவமானத்தில் என் காது எரிந்தது. மிதுனைப் பார்த்தேன். வழக்கில் ஜெயிக்கப்போகிறவன் முகமாக இல்லை. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்றார் அலுவலர்.

ஃபௌசியா என் கையை அழுத்தினாள், பேசாதே என்று அர்த்தம். நான் எழுந்துவிட்டேன். ஒரு வருடமாக அடக்கி வைத்தது, இனி எதற்கு அடக்க வேண்டும்.

"வீடு பொய் சொல்லலீங்க மேடம். நான் இவன நெனைச்சு ஏங்கறேன். காலைல ஏங்கறேன், பொழுதோட ஏங்கறேன், கிளாஸ் எடுக்கும்போது கிளட்ச் மிதிச்சுக்கிட்டே ஏங்கறேன். அதுல எனக்கு என்ன வெக்கம்? ஆறு வருசம் ஒருத்தனோட பொழைச்சவ ஏங்காம இருந்தாத்தான் கேவலம். ஆனா அந்த ஏக்கம் என்னுது. நான் பட்டது, நான் பாத்துக்கறேன். அதக் காட்டி என் வீட்டுச் சாவிய இவன் கேக்கலாமுங்களா? நான் அழுதா அதுக்கு இவனுக்கு வாடகையில்லாத வீடா?"

துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்த பொள்ளாச்சிக்காரர் துண்டை மடியில் வைத்தார். எதிர்வரிசை மூக்குத்திப் பெண்ணும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க வருத்தம் புரியுது" என்றார் அலுவலர். "ஆனா சட்டம் வீடு சொல்றதத்தான் கேக்கச் சொல்லுது."

"அப்படியே கேப்போம் மேடம்" என்று எழுந்தாள் ஃபௌசியா. "இவர் வீட்டையும் கேப்போம். சரவணம்பட்டி ஃபிளாட்ட."

மிதுன் சட்டென்று நிமிர்ந்தான். "அது எதுக்குங்க? அது என்ற வீடு, அங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"அதத்தான் அதுவே சொல்லட்டுமே சார்" என்றாள்.

அலுவலர் அந்த ஃபிளாட்டைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு பேருங்க" என்றது அது. "மேடம் இன்னும் வரலீங்க."

நான் அந்த ஃபிளாட்டை வெளியிலிருந்துகூடப் பார்த்தது கிடையாது. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பொழுதோடு சீரக வெந்நீர் வைக்குமாம், குடிக்க ஆளில்லாமல் ஆறிப்போகுமாம். பூச்சி வந்தால் மேடத்துக்குப் பயம் என்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஜன்னலை அடைத்துவிடுமாம். மிதுனுக்குச் சீரக வாசமே ஆகாது. அவன் பூச்சிக்குப் பயப்படுகிறவனும் இல்லை.

"காலைல அவர் வண்டி எடுக்கறப்ப என்ன சொல்லுவ?" என்று கேட்டாள் ஃபௌசியா.

"கண்ணாடியப் பாரு" என்றது ஃபிளாட்.

என் குரல் இல்லை. ஆனால் என் கத்தல்தான், அதே ஏற்றம், அதே எரிச்சல். மன்றத்தில் பலர் என்னிடம் வண்டி பழகியவர்கள் போல, பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலர் அம்மாவே தன்னையறியாமல் பக்கவாட்டில் பார்த்ததை நான் கவனித்தேன்.

"இத யாருங்க இதுக்குக் கத்துக்குடுத்தது?" என்றார் அவர்.

"நான்தானுங்க" என்றான் மிதுன். "காலைல யாராச்சும் திட்டுனாத்தான் எனக்கு வண்டி எடுக்க வருது."

யாரும் சிரிக்கவில்லை. என் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க வாதப்படி பாத்தா நீங்க வடவள்ளியில குடியிருக்கீங்க, இந்தம்மா சரவணம்பட்டியில குடியிருக்காங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒரு வருசமாச்சு. இது என்ன குடித்தனம்னு எனக்கு வெளங்கல. உங்களுக்கு இந்தம்மா வீட்டுச் சாவி குடுத்தா, உங்க வீட்டுச் சாவிய இவங்களுக்குக் குடுக்கணும். சம்மதமா?"

மிதுன் வாயைத் திறந்தான். சம்மதம் என்று சொல்லத்தான் திறந்தான், எனக்குத் தெரியும், ஆறு வருடம் பார்த்த முகம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவனுக்கு வீடும் வேண்டாம், சாவியும் வேண்டாம். திரும்பி வருகிறேன் என்று கேட்க வாய் வராமல், சட்டத்தின் கையில் சொல்லியனுப்பியிருக்கிறான். போகும்போது சுவரிடம் சொன்னவன், வரும்போது மன்றத்திடம் சொல்கிறான்.

"எனக்குச் சம்மதமில்லீங்க" என்றேன் முந்திக்கொண்டு. "அவன் வீட்டுச் சாவி எனக்கு வேண்டாம். என் வீட்டுச் சாவியும் குடுக்கமாட்டேன்."

அலுவலர் தீர்ப்பைச் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்தவர் எழுதினார். ஏங்குவது குடியிருப்பது ஆகாது, ஒருவர் மனதிலிருப்பதைக்கொண்டு இன்னொருவர் உரிமை கேட்க முடியாது, வீட்டின் சாட்சி ஆளின் நடமாட்டத்துக்கு மட்டுமே செல்லும், நெஞ்சின் துடிப்புக்குச் செல்லாது. இனி இந்த மன்றத்தில் எல்லா வழக்குக்கும் இதுதான் என்றார். பொள்ளாச்சிக்காரர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, மன்றமாயிற்றே. ஆனால் என் வாழ்நாளில் எனக்காக அத்தனை பேர் எழுந்து நின்றது அன்றுதான். தலை நிமிர்ந்து வெளியே வந்தேன்.

வேப்பமரத்தடியில் மிதுன் காத்துக்கொண்டிருந்தான். ஃபௌசியா நாசூக்காக வண்டியை எடுக்கப் போய்விட்டாள்.

"ஜீவி, நான் வரட்டுமா?" என்றான்.

முதல்தடவையாக, நேராக, என் முகத்தைப் பார்த்து. அந்த வார்த்தைக்காக ஒரு வருடம் விளக்கு எரிந்திருக்கிறது. என் நாடி எகிறியது, கேட்க அங்கே சுவரில்லை, நானே கேட்டுக்கொண்டேன்.

"இத வாசல்ல வந்து நின்னு கேட்டிருந்தா, கதவத் தொறந்துட்டு ஓடி வந்திருப்பேன் மிதுன். எந்த நாள் கேட்டிருந்தாலும். நீ நோட்டீஸ் விட்ட. என் வீட்ட எனக்கு எதிராச் சாட்சி சொல்ல வெச்ச."

"எனக்குக் கேக்கத் தெரியல."

"தெரியும். இப்பக் கேட்டியே." அவன் காலர் மடங்கியிருந்தது. சரிசெய்யப் போன கையை மடக்கிக்கொண்டேன். "அந்த ஃபிளாட்டுல 'கண்ணாடியப் பாரு'ன்னு சொல்றத நிறுத்தாத. உனக்கு ரிவர்ஸ் வராது. நான் போறேன்."

அவன் முகம் வெளுத்தது. "போயிட்டு வர்றேன்னு சொல்லு ஜீவி."

"இல்ல. போறேன்" என்றேன்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அப்படி மொட்டையாக யாரிடமும் சொன்னதில்லை. வானம் இடிந்துவிடவில்லை. ஃபௌசியாவின் வண்டிக்குக் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன், அழுதுகொண்டேதான் நடந்தேன். ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். கீழ்ப் பூட்டு விழுந்தது. அதற்கப்புறம், தலைக்குமேல், ஒரு வருடமாகக் கேட்காத சத்தம். மேல் தாழ்ப்பாள்.

நான் போடச் சொல்லவில்லை. அப்படியே நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். எகிறவில்லை. சீராகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்ததும் கேட் விளக்கு எரிந்தது. அது மட்டும் இன்னும் மாறவில்லை. எரியட்டும், நான்தான் கரண்ட் பில் கட்டுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே டமால் என்று ஒரு சத்தம். கேட் தூணில் வண்டி இடித்த சத்தம், எனக்குப் பழகிய சத்தம்தான். தொடர்ந்து கதவைத் தட்டுகிற ஓசையும் ஃபௌசியாவின் குரலும்.

"அக்கா, ஜெயிச்ச அன்னைக்குமா தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காருவாங்க? தொறங்க, பிரியாணி ஆறுது."

"யாரோ வந்திருக்காங்க, தொறக்கட்டுங்களா?" என்றது வீடு.

"தொற. நம்ம ஆளுதான்."

தாழ்ப்பாள் விலகியது. அடுப்படியில் காப்பி மெஷின் முனகத் தொடங்கியது.

"ரெண்டு கப்புங்களா?" என்று கேட்டது வீடு. ஒரு வருடத்தில் முதல்முறையாக, கேட்டது.

"ரெண்டு" என்றேன்.